டார்சியின் துவைக்காத சட்டை

அந்த வருடம் செப்டம்பரில் நோலீன் ட்ரான்ட்டரின் கையிலிருந்து நழுவிய முட்டை ஒன்று தரையில் விழவில்லை. மேசை விளிம்பிலிருந்து சாய்வாகக் கிளம்பி, காற்றில் சறுக்கிக்கொண்டே சமையலறையைக் கடந்து, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. ஓடு விரியவில்லை. நோலீன் அதை எடுத்துப் பொரித்தாள். அவள் புருஷன் டார்சி அதை ரொட்டியில் வைத்துத் தின்றுவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்றான். மறுநாள் ஒரு கரண்டி, அடுத்த நாள் ஜாம் பாட்டில். ஒரு வாரத்துக்குள், அவள் கையை விட்டு எது நழுவினாலும் நேராக விழுவதில்லை என்பது உறுதியாகிவிட்டது. பீங்கான் மிஞ்சுகிறதே என்று அவளுக்குச் சந்தோஷம்தான். எங்கள் ஊரான பண்டரூவில் மற்றவர்களுக்கு அப்படியில்லை. மரம் அறுக்கும் மில் மூடியதிலிருந்து இந்த ஊரில் யாருக்கு நல்லது நடந்தாலும், அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் நாங்கள் முதலில் நினைப்போம்.

முட்டைக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் டார்சி தன் கம்பளிக் குல்லாயை இரண்டு கையாலும் ஏந்தியபடி வேலையிலிருந்து வந்திருந்தான். அவன் ஊர் கவுன்சிலுக்காக மரம் ஏறி வெட்டுகிறவன். குல்லாய்க்குள் மூன்று சுகர் கிளைடர் குட்டிகள். மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும் அந்தச் சாம்பல் நிறப் பிராணி முழுதாக வளர்ந்தாலே உள்ளங்கையில் அடங்கும். இவை கண்கூடத் திறக்காதவை. பவுண்டரி ரோட்டில் பள்ளி பஸ் நிற்குமிடத்துக்கு மேலே இருந்த பழைய தைலமரத்தைப் புயல் சாய்த்துவிட்டது, பொந்தில் தாய் செத்துக்கிடந்தது, இவை மட்டும் பிழைத்தன என்று டார்சி சொன்னான். நோலீன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அனாதைக் குட்டிகளை வீட்டில் வளர்க்க லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் கேள்வி கேட்கத் தோன்றாது. முதலில் சூடு, பிறகு பால், மற்றதெல்லாம் அப்புறம்.

அவள் அந்த மூன்றையும் ஃபிளானல் துணிப் பையில் போட்டு, பையைத் தன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மாட்டுப்பால் கொடுத்தால் வயிறு கழிந்து செத்துப்போகும் என்பதால், தனிப் பால்மாவைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பால் குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் அவற்றுக்கு மூத்திரம் போகும். பிறகு முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டிருந்த ஒன்றும் பூனை வாயிலிருந்து பிடுங்கிய ஒன்றும் வந்து சேர்ந்தன. மதுக்கடையில் இதற்கு ஒரு பேச்சு உண்டு: டார்சி அனாதையாக்குவான், நோலீன் தத்தெடுப்பாள், நல்ல குடும்பத் தொழில். டார்சியும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், அந்த வருடம் வரைக்கும்.

குட்டி வளர்ப்பவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு, நோலீன் அவற்றை வேதமாகப் பிடித்துக்கொள்பவள். ஒரே ஆள்தான் தொட வேண்டும். பெயர் வைக்கக் கூடாது. எண்ணெய், பெட்ரோல், நாய் என்று எந்த அந்நிய வாடையும் அண்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பைகளை ஒரே நாளில் மொத்தமாகத் துவைத்துவிடக் கூடாது. கிளைடர்களுக்கு முகம் பார்த்து அடையாளம் தெரியாது, வாசனைதான். கூட்டத்தில் பெரிய ஆண் தன் நெற்றியை எல்லோர் மேலும் தேய்த்து ஒரே வாசனையைப் பூசிவைக்கும். அது போய்விட்டால் கூடப்பிறந்ததையே அந்நியன் என்று கடித்துக் குதறிவிடும். அதனால் ஒரு பை துவைத்தால் ஒரு பை அழுக்காக இருக்கும், எப்போதும். பெயர் விஷயத்தில் மட்டும் அவள் ஒருமுறை தவறினாள். மூன்றில் மூத்த ஆண், கண் திறந்து உச்சியில் வழுக்கை விழுந்ததும், அகப்பட்டவர் மேலெல்லாம் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தது. தேர்தல் சமயத்தில் வருகிறவன் மாதிரி இருக்கிறது என்று அதற்குக் கவுன்சிலர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

டார்சியின் வேலைச் சட்டைகளை அவள் தினமும் துவைத்தாள். ரம்பத்தின் சங்கிலி எண்ணெய் துணியில் ஏறினால் லேசில் போகாது. யூகலிப்டஸ் தைலம் கலந்த சலவைத் திரவம் ஒரு மூடி ஊற்றி ஊறவைத்தால் எண்ணெய், வியர்வை, மரப்பால் எல்லாம் விட்டுப்போகும். எங்கள் பக்கத்தில் கம்பளியிலிருந்து குளியலறைத் தரை வரைக்கும் அதில்தான் கழுவுவோம். குட்டிகள் இருக்கும் காலத்தில் நோலீன் இரண்டு மூடி ஊற்றுவாள். டார்சியும் அதையே கையில் ஊற்றித் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அப்படியும் குட்டிகள் இருந்த அறைக்கு அவனுக்கு அனுமதியில்லை.

முட்டை விஷயத்தை முதலில் துப்பறிய வந்தவள், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பின் செயலாளர் பெரில் கானன். வீடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். ரசமட்டம் கொண்டுவந்து எல்லா அறையிலும் வைத்துப் பார்த்தாள், குமிழி நட்டநடுவில் நின்றது. காந்தம் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று காலண்டருக்குப் பின்னால் தடவினாள். அந்தச் சமயம் பார்த்து நோலீனின் கழுத்துப்பட்டியிலிருந்து எட்டிக் குதித்த கவுன்சிலர், பெரிலின் தாடையிலும் கம்பளி மேல்சட்டையிலும் நெற்றியை நன்றாகத் தேய்த்துவிட்டது. மறுநாள் கிளப்பில் பெரில் தவறவிட்ட தேநீர்க் கோப்பை புல்தரைக்கு மேல் மிதந்துபோய், அடுத்த ஆட்டக்காரரின் தொப்பியில் இறங்கியது. பெரில் அந்த மேல்சட்டையை வருடத்துக்கு ஒருமுறை துவைக்கிறவள்.

அது தொற்றும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. கைகுலுக்கினால் போதும், ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்தால் போதும். தொற்றியவர்கள் அதை மறைத்தார்கள். சாவிக்கொத்தை நூலால் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், ரொட்டிக் கடையில் சில்லறையை மேசைமேல் வைத்துத் தள்ளினார்கள். கிளப் வாசலில் சோதனை வைத்தார்கள்: உள்ளே வருகிறவர் சாவியைக் கீழே போட்டுக் காட்ட வேண்டும், நேராக விழுந்தால்தான் அனுமதி. செயலாளர் என்பதால் பெரிலை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. கிரிக்கெட்டில் எங்கள் ஆள் கைநழுவவிட்ட கேட்ச் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்ப் பக்கத்து ஊருக்கு ஆறு ரன்னாக ஆனது. அவர்கள் மட்டும்தான் எதையும் சந்தேகப்படவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஊரில் பாதிக்கு மேல் தொற்றிவிட்டது. கிளப் கூட்டம் போட்டு, வாசல் சோதனையை ஒழிக்காமல் அப்படியே திருப்பிவைத்தது. இப்போது சாவி சாய்வாகப் போனால்தான் உள்ளே விடுவார்கள். காரணமும் தயாராக இருந்தது. கிளைடர் வாயில்லாத ஜீவன், அது பிடித்தவர் மேல்தான் நெற்றியைத் தேய்க்கும், அதற்கு மனிதரின் உள்மனம் தெரியும் என்றார்கள். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆனால் சாவி சறுக்கியவர்கள் எல்லோரும் அதை உடனே நம்பினார்கள். நாங்களும் நம்பினோம். நல்லவன் என்று ஒரு சான்றிதழ் சும்மா கிடைக்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

டார்சியின் சாவி நேராக விழுந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளப் வாசலில் போட்டுக் காட்டினான், ஒவ்வொரு சனிக்கிழமையும் அது அவன் பூட்ஸின் மேலேயே விழுந்தது. அந்தக் குட்டிகளோடு ஒரே கூரையின் கீழ் தூங்குகிறவன், அவற்றைக் குல்லாயில் ஏந்தி வந்தவன், அவனுக்குத் தொற்றவே இல்லை. மதுக்கடையில் பழைய கேலிக்கு இப்போது யாரும் சிரிக்கவில்லை, அவனைப் பக்கவாட்டில் பார்த்தார்கள். பெரில் ஒருநாள் நோலீனின் வீட்டுக்கு வந்து, தேநீர் ஆறும் வரை வேறென்னவோ பேசிவிட்டு, கடைசியில் அந்தப் புயலைப் பற்றி ஆரம்பித்தாள்.

"கண்ணு, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. அந்த வாரம் இங்க காத்தே அடிக்கல. நான் பெட்ஷீட் காயப்போட்டேன், கிளிப்கூட மாட்டல. அதுபாட்டுக்குத் தொங்கிட்டு இருந்துச்சு."

நோலீன் சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்று மாலையே பவுண்டரி ரோட்டுக்குப் போய் அடிமரத்தைப் பார்த்தாள். காற்று முறித்த மரம் நார்நாராகக் கிழிந்து நிற்கும். இது மேசை மாதிரி வழவழப்பாக இருந்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தும்போது அடியைச் சமமாக வெட்டிவிடுவது வழக்கம்தான், அதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். பொந்துள்ள மரத்தை வெட்டுவதற்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. முதல்நாளே நோலீனைப் போல யாரையாவது வரவழைத்து, அந்தி சாய்ந்து உள்ளே இருப்பது வெளியேறும் வரை காத்திருந்து, பொந்தை அடைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். டார்சி அவளைக் கூப்பிடவில்லை. கல்யாணமாகி இருபது வருடத்துக்கும் மேல் ஆகிறது, இதுவரை அவன் அவளிடம் பொய் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. 

வீட்டுக்கு வந்து, தான் பிடித்துவைத்திருந்த கட்டுப்பாட்டைத் தானே மீறினாள். டார்சி குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கவுன்சிலரை எடுத்து அவன் நெஞ்சில் விட்டாள். அது காலரை ஒருமுறை முகர்ந்தது, துருப்பிடித்த கைராட்டினத்தைச் சுற்றுவது போலக் கரகரவென்று கத்தியது, திரைச்சீலைக்குத் தாவி ஓடியது. நோலீன் கேட்டாள். புயல்தான் என்றான் டார்சி. அவள் இன்னொரு முறை கேட்டாள். புயல்தான் என்று திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கே அவன் தலையணை புழக்கடை மூலையில் நின்ற பழைய கேரவன் வண்டிக்குப் போய்விட்டது, மறுநாள் மற்ற சாமான்களும். கிறிஸ்துமஸ் அன்று அவனுக்கு ஒரு தட்டில் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, ஈ மொய்க்காமல் மூடி, கேரவன் படியில் வைத்துவிட்டு வந்தாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது. அதுதான் அந்த மாதம் அவர்களுக்கிடையே நடந்த பேச்சு.

கேரவனில் துவைக்கும் இயந்திரம் இல்லை. சலவைத் திரவம் வீட்டில் இருந்தது, வீட்டுக்குள் வர அவனுக்கு ரோஷம். எங்கள் பக்கத்துக் கோடையான ஜனவரி வெயிலில் ஒரே சட்டையை வாரக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தான். இதற்குள் குட்டிகள் வளர்ந்து, புழக்கடையில் கேரவனை ஒட்டி நின்ற பெரிய கம்பிவலைக் கூண்டுக்கு மாறிவிட்டன. வாட்டில் மரப் பிசினும் பூவும் அந்துப்பூச்சியும் தின்று கொழுத்தன. ஒருநாள் டார்சி கேரவன் கூரையில் ஒழுக்கை அடைத்துக்கொண்டிருந்தபோது சுத்தியல் கைநழுவியது. அது முற்றத்தைச் சாய்வாகக் கடந்து, துணிக்கொடியைத் தாண்டி, பேஷன்பழக் கொடியில் போய் இறங்கியது. நோலீன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். போய்ச் சுத்தியலை எடுத்துப் போட்டுப் பார்த்தாள், அது சறுக்கியது, ஆனால் அவள் போட்டால் எதுதான் சறுக்காது? அன்றிலிருந்து அவள் கேரவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் நாள் அந்தியில் பிடிபட்டது. கூண்டின் மேல்மூலையில் கம்பிவலை விலகியிருந்தது. ஐந்தும் வரிசையாக அதன் வழியே நுழைந்து வெளியே வந்தன, கேரவன் ஜன்னலின் கண்ணாடிப் பலகைகளுக்கிடையில் புகுந்தன. நோலீன் சத்தமில்லாமல் போய்க் கொசுவலைக் கதவில் நின்று பார்த்தாள். டார்சி மேசையில் பீன்ஸ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான்கு அவன் சட்டைப் பைகளுக்குள் போய்ச் சுருண்டிருந்தன. கவுன்சிலர் அவன் தாடையிலும் காலரிலும் நெற்றியை ஆற அமரத் தேய்த்துக்கொண்டிருந்தது. கேரவன் முழுக்கத் தித்திப்பும் கவிச்சும் கலந்த அந்தக் கூட்டத்து வாசனை. எத்தனை நாளாக என்று நோலீன் கேட்டாள்.

"ஆரம்பத்துலேர்ந்தே," என்றான் டார்சி, அசையாமல். "கண்ணு திறந்த நாள்லேர்ந்து. ராத்திரி தைல வாடை அடங்கி, நீ அசந்ததும் இவன் எங்கிட்ட வந்துருவான். காலைல நீ சட்டைய எடுத்துத் துவைச்சிருவ."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ரூல்ஸ் பேசுவ."

நோலீன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். பைகளை மொத்தமாகத் துவைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவள் அவள். அதே கையால் தன் புருஷனைத் தினமும் இரண்டு மூடி ஊற்றித் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். முந்தின இரவு பூசியதைக் காலையில் கழுவிவிட்டு, மாலையில் அது அவனைத் தெரியாது என்று ஓடியதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மோசமாக, இனி எதை வைத்து அவனைச் சந்தேகப்படுவது, எதை வைத்து நம்புவது என்று தெரியவில்லை. காற்றடிக்காத வாரமும் வழவழப்பான அடிமரமும் அப்படியே இருந்தன. கிளைடர் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதற்காகப் புயல் அடித்ததாக ஆகிவிடாது. விலகியிருந்த கம்பிவலையை அவள் சரிசெய்யவில்லை. டார்சியை உள்ளே கூப்பிடவும் இல்லை.

மார்ச்சில் ஐந்தையும் காட்டில் விடும் நாள் வந்தது. அடிமரத்துக்குப் பக்கத்திலேயே உயரமான தைலமரம் ஒன்று நின்றது, அதில் பெட்டியைக் கட்ட ஏறத் தெரிந்தவன் ஊரில் டார்சி ஒருவன்தான். ஊரே வரப்போகிறது. அன்று காலை கேரவன் படியில் கிடந்த அவன் சட்டையை நோலீன் எடுத்தாள். அது கிட்டத்தட்ட எழுந்து நிற்கும் நிலையில் இருந்தது. மரியாதைக்காவது துவைத்துப் போடட்டும் என்று தொட்டிக்குக் கொண்டுபோய், தண்ணீரைத் திறந்து, திரவத்தின் மூடியையும் திருகினாள். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, சட்டையைக் கொண்டுபோய்ப் படியில் இருந்தபடியே போட்டாள். மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் பொத்திக்கொள்ளட்டும் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்தில் டார்சி பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு கயிற்றில் ஏறினான். பெட்டியை மரத்தில் இறுக்கிக் கட்டினான். வாசலை அடைத்திருந்த துணியை எடுப்பதுதான் பாக்கி. அவன் எடுக்கவில்லை. உச்சாணியில் நின்று கீழே பார்த்தான். பெரில், கிளப் ஆட்கள், பள்ளிப் பிள்ளைகள், நாங்கள் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். அவன் நோலீனை மட்டும் பார்த்துப் பேசினான், உயரத்திலிருந்து என்பதால் எல்லோருக்கும் கேட்டது.

"நோல், புயல் இல்ல. நான்தான் வெட்டினேன். பஸ்ஸுக்கு மேல கிளை தொங்குதுன்னு கவுன்சில்ல சொன்னாங்க. தட்டிப் பாத்தேன், ஒண்ணும் வரல. பகல்ல தட்டினா அதுங்க வராதுன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை, வேலைய முடிச்சுட்டுக் கிளம்பணும்னு இருந்துச்சு. தெரிஞ்சேதான் வெட்டினேன்."

நோலீன் அடிமரத்தைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். டார்சி பெட்டியின் துணியை இழுத்தான், பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினான், அவன் கால் கிளையை விட்டது. வழுக்கியதா, அவனே விட்டானா என்பதில் பண்டரூ இன்றைக்கும் இரண்டு கட்சி. தொண்ணூறு கிலோ ஆள் நேராக விழவில்லை. அந்த அழுக்குச் சட்டை இரண்டு பக்கமும் விரிந்து உப்ப, சாய்வாகக் கிளம்பி, எங்கள் தலைகளுக்கு மேலாக நிதானமாகப் போனான். கவுன்சிலரும் மற்ற நான்கும் பெட்டியிலிருந்து புறப்பட்டு அவனுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து, பிறகு தங்கள் மரத்துக்கே திரும்பிக்கொண்டன. டார்சி ரோட்டைக் கடந்து, பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நோலீன் ஓடவில்லை. நடந்துதான் போனாள், போய்ச் சேர நேரம் எடுத்துக்கொண்டாள். அவன் கம்பத்தை விடாமல் கட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் காலரைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"நீ நேத்தே சொல்லியிருந்தா இந்தச் சட்டைய நான் துவைச்சிருப்பேன்," என்றாள்.

"தெரியும்," என்றான் டார்சி.

அவள் அழுதாள், கம்பத்தின் மறுபக்கம் நின்று, வெகுநேரம். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பத்திலிருந்து பிரித்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மன்னித்தாளா என்று பெரில் அவளிடம் ஜாடைமாடையாகப் பலமுறை கேட்டுப் பார்த்தாள், பதில் வரவில்லை. தலையணை கேரவனிலிருந்து வீட்டுக்குப் போனது மட்டும் எங்களுக்குத் தெரியும். அடுத்த வசந்தத்திலிருந்து பொந்துள்ள மரம் என்றால் நோலீன் முதல்நாள் அந்தியிலேயே போய் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள், டார்சி பக்கத்தில் நிற்பான், பொந்து காலியாகும் வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சலவைத் திரவம் ஜன்னல் கண்ணாடி துடைக்க மட்டும் என்று ஆகிவிட்டது. டார்சியின் அந்தச் சட்டை இதுவரை தண்ணீர் காணவில்லை, மரம் ஏறும் நாளெல்லாம் நோலீனே எடுத்துக் கொடுக்கிறாள், அவன் சர்ச்சுக்கு வந்தால் பக்கத்து இரண்டு வரிசை காலியாக இருக்கும். கிளப் வாசலில் சாவிச் சோதனை இன்னும் நடக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களின் சாவி நேராக விழுந்தால், துணி எதில் துவைக்கிறீர்கள் என்று முதலில் விசாரிக்கிறோம், அதற்குப் பிறகும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுகிறோம்.